எண்ணும்போது விடுபடுகிற ஒருவர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பங்குப் பேரவையினருக்கும், திருவிழாக் குழுவினருக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், உபதேசியார்களுக்கும், கோயில்பிள்ளைகளுக்கும்,



கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்துப் பிழைத்தவன் நான். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். பதினோரு வருடம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் குழுவில் பொருளாளராக இருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிட்டு, இன்று அதே மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

ஒரு வருடம் தலைக்கட்டு வரி வசூல் நன்றாகவே நடந்தது. பணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கடைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த வாரம் பார்த்துச் சரக்கு எடுக்க எனக்குப் பணம் முட்டியது. பையிலிருந்து எடுத்தேன். கொடியேற்றத்துக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தவணை சொன்னேன். இரண்டு மாதத்தில் முழுவதையும் வைத்துவிட்டேன், ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் திருவிழா முடிந்த மறு ஞாயிறு பூசைக்குப் பிறகு கணக்கு வாசித்தபோது, கையிருப்பு இவ்வளவு என்று, கையில் இல்லாத பணத்தை வாசித்தேன். அதே மூச்சில் வரி பாக்கி வைத்தவர்களின் பெயர்களையும் மைக்கில் வாசித்தேன். ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தி, புருஷன் திருப்பூருக்குப் போய்ப் பணம் அனுப்பாமல் இருந்த ஒரு மருமகள். அவள் பாக்கி நானூறு ரூபாய்.

கோயில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்த பத்தாவது ஆள் மைக்கைப் பிடித்திருந்தான். அவன் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

பல வருடம் கழித்து, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த ஓர் இரவில் இது என்னைப் பிடித்துக்கொண்டது. பரமார்த்த குருவின் கதைதான் சொன்னேன். உங்களுக்கும் தெரிந்த கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், அவர்களுக்கு ஒரு குரு. ஆற்றைக் கடந்து அக்கரை ஏறியதும் எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று ஒரு சீடன் எண்ணுகிறான். எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை, ஐந்து பேர்தான் வருகிறார்கள். அடுத்தவன் எண்ணினாலும் ஐந்துதான். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த வழியாக வந்த ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஓர் அடி கொடுக்கிறான். அடி வாங்கியவன் வலியில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஆறு பேரும் கணக்கில் வருகிறார்கள். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒன்பது பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

இந்தக் கதையை எழுதியவர் நம் பக்கத்துக்காரர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சிக்குப் போகாத கிறிஸ்தவக் குடும்பம் நம் இரண்டு மாவட்டங்களிலும் அநேகமாக இருக்காது. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-இல் அரியலூரைத் தனியாக்கினார்கள், பிறகு சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். கோடு எங்கே விழுந்தாலும் நேர்ச்சை என்றால் நமக்கு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாதான். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, மாதா பேரில் கலம்பகம் பாடிய வீரமாமுனிவர்தான் இந்தக் கதையையும் எழுதினார். 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி, சேசு சபைத் துறவி. 1710-இல் கோவாவில் இறங்கி, மறு வருடம் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முப்பது வயதில், தன் நாட்டில் படித்துத் தேர்ந்த ஒருவர், இங்கே வந்து திண்ணைப் பள்ளிப் பிள்ளையைப் போல உயிர், மெய் என்று தொடங்கினார். பிழையாகப் பேசிப் பிறர் திருத்தக் கேட்டுத்தான் அவர் இந்தத் தமிழைப் பெற்றிருக்க முடியும். 1726-இல் முடித்த தேம்பாவணி 36 படலம், 3615 பாட்டு. 1732-இல் சதுரகராதி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அடக்கமுடைமையும் வாய்மையும் அறத்துப்பாலில்தானே இருக்கின்றன. பணிவும் நேர்மையும் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று அவர் நினைக்கவில்லை, ஏற்கெனவே இங்கே இருப்பதைக் கண்டு தன் நாட்டுக்கும் எடுத்துச் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது இந்தப் பெரிய நூல்களை இல்லை. 1727-ஐ ஒட்டி அவர் எழுதிய ஒரு சிறு உரைநடை நூல் இருக்கிறது. வேதியர் ஒழுக்கம் என்று பெயர். உபதேசியார்களுக்காகவே எழுதியது. காவியத்தில் யாப்பும் அணியும் பூட்டிப் பாடிய அதே கை, இதில் உபதேசியார் வாசித்தவுடன் விளங்க வேண்டும் என்று எழுதியது. புலவர்கள் தேம்பாவணியைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். கோயில் காரியம் பார்க்கிற நாம் கையில் வைத்திருக்க வேண்டியது இந்தச் சின்னப் புத்தகம்.

அன்றைய உபதேசியாரின் அதிகாரம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். சாமியார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஓர் ஊருக்கு வருடத்தில் ஒரு முறை வந்தால் பெரிது. இடைப்பட்ட நாளெல்லாம் ஊர் உபதேசியார் கையில். மந்திரம் சொல்லிக்கொடுப்பவர் அவர், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர், பிணத்துக்கு முன்னால் செபம் சொல்லிப் போகிறவர் அவர், புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குகிறவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, சாமியார் வரும்போது ஊரில் யார் எப்படி என்று காதில் சொல்பவரும் அவரே. யார் திவ்விய நன்மைக்குத் தகுந்தவர், யார் தகாதவர் என்பது பாதி அவர் வாயில் இருந்தது. அப்படிப்பட்டவருக்கு வேத அறிவு மட்டும் போதாது, கற்பிப்பதை முதலில் வாழ்ந்து காட்ட வேண்டும் என்று அவரைப் பார்த்தே பேசுகிற நூல் அது. ஊராரின் குற்றங்களைப் பட்டியல் போடுகிற வேலையில் இருப்பவனிடம், பட்டியலை உன்னிலிருந்து தொடங்கு என்று சொல்வதற்குத் தனியாக ஒரு நூல் தேவைப்பட்டிருக்கிறது. இன்று அந்த உபதேசியாரின் இடத்தில் நாம் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறோம், பேரவை என்றும் குழு என்றும் பெயர் வைத்துக்கொண்டு. கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் வரி பாக்கி இருக்கிறதா என்று நாம்தானே பார்க்கிறோம்?

சேசு சபையாருக்குத் தன்னிலிருந்து தொடங்கும் இந்தக் கணக்குப் பழக்கம் ஆதியிலேயே உண்டு. அந்தச் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் நூல் 1548-இல் அச்சானது. அதில் ஒரு முறை சொல்லியிருக்கிறார். மளிகைக்கடைக்காரனான எனக்கு அது உடனே பிடித்துப்போனது. தன்னிடம் உள்ள ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிரண்டு கோடு போட வேண்டும். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை, அந்தக் குறையில் எத்தனை தரம் விழுந்தோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். காலையைவிட மாலையில் புள்ளி குறைந்ததா, நேற்றைவிட இன்று குறைந்ததா, போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். நம் கடை நோட்டேதான். பற்று எழுத மற்றவர்கள் பெயர் கிடையாது, ஒரே பெயர். வீரமாமுனிவரும் இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்தானே. எண்ணத் தெரியாத குருவின் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இந்தப் புள்ளிகள்தான் கண்ணில் வருகின்றன. இது என் யூகம். அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. அந்தக் கதைகளை அவர் இலத்தீனும் தமிழும் படிக்கிறவர்களுக்காக எழுதிவைத்தார். பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1822-இல் இலண்டனில் அச்சிட்டார்.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒன்று. எங்கள் பங்கில் இருந்த ஒரு சாமியார் தவக்காலப் பிரசங்கத்தில் மனம் நொந்து சொன்னார்: "உங்க ஊர்ல எந்த மாமியா எப்படி, எந்தப் பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். மருமகளும் பங்காளியும் வந்து முழந்தாள் போட்டுச் சொல்லிட்டுப் போறாங்க. அவங்கவங்க பாவம்தான் எனக்குத் தெரியல." கோயிலில் அன்று சத்தமே இல்லை. தொட்டிக்குள் முழந்தாள் போட்டும்கூட நாம் தலை எண்ணிக்கையில் மற்றவர்களைத்தான் எண்ணுகிறோம். கோபப்பட்டேன் சாமி என்று சொன்ன கையோடு, ஏன் கோபப்பட்டேன் என்பதற்கு மூன்று பேரின் குற்றத்தைச் சொல்கிறோம். லூக்கா எழுதிய உவமையில் வரும் பரிசேயனும் இதையேதான் செய்தான். அவன் சொன்ன எதுவும் பொய்யில்லை. நோன்பிருந்தான், பத்தில் ஒரு பாகம் கொடுத்தான். பின்னால் நின்ற ஆயக்காரனின் பாவங்களைச் சரியாக எண்ணினான். அவன் கணக்கில் அவனுடைய பாவம் மட்டும் இல்லை.

அவிலாவின் புனித தெரேசாள் பணிவையும் உண்மையையும் ஒன்றாகவே பார்த்தவள். உண்மையில் நடப்பதே அவளுக்குப் பணிவு. இதை எங்கள் அன்பியத்தில் ஒரு சிஸ்டர் விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. பணிவு என்றால் குனிந்து பேசுவது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, "நான் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்வது என்றுதான் பழகியிருந்தேன். பதினோரு வருடமும் அப்படித்தான் சொன்னேன். பொருளாளர் பதவியை ஒவ்வொரு வருடமும் "வேற யாராச்சும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் எழுந்திருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்தக் குனிவுக்கும் உண்மைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

பெரிய வியாழனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவினார். அந்த நினைவாகப் பன்னிரண்டு பேரை உட்கார வைக்கிறோம். அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு நம் ஊர்களில் எவ்வளவு போட்டி! போன வருடம் அவரைக் கூப்பிட்டீர்கள், இந்த வருடம் எங்கள் தெருவுக்கு இரண்டு இடம் வேண்டும், வேட்டி சட்டை புதுசாக இருக்க வேண்டும். காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறோம், கோயிலில் கழுவுவதற்கு ஒரு அழுக்கும் மிச்சமில்லை. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றினார். அதற்குப் பிறகு உங்கள் பங்கில் எத்தனை பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்? கோயிலைக் கூட்டுகிற அம்மா உட்கார்ந்தாளா? முந்திரிக் கொட்டை உடைத்து விரலெல்லாம் பால் பட்டுக் கறுத்துப்போன பெண்கள் ஆண்டிமடம், வரதராசன்பேட்டைப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியின் கால் அந்தத் தாம்பாளத்தில் இருந்ததா?

உபயம் எழுதுவதைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. விசிறியிலும் குழல்விளக்கிலும் முழந்தாள் பலகையிலும் பெயர் எழுதியிருக்கிறோம். கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நல்ல எண்ணத்தில் கொடுத்தவர்கள்தான். ஆனால் அப்போஸ்தலர் பணியில் வரும் அனனியாவையும் சபீராளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது அவர்கள் குற்றமில்லை. முழுவதையும் கொடு என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை, பேதுருவே அதைச் சொல்கிறார். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதும் இதுதான் என்று சபை நம்பும்படி செய்தார்களே, அங்கேதான் விழுந்தார்கள். நான் வாசித்த கையிருப்பும் அதே இனம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் பணிவைப் பற்றி நம் வட்டாரத்தில் பேச வந்துவிட்டுச் சாதியைத் தொடாமல் போகிறவன், எண்ணும்போது தன்னை விட்டுவிட்டவன்தான்.

வீரமாமுனிவர் வாழ்ந்த மதுரை மிஷனிலேயே இது ஊறிப்போயிருந்தது. மேல்சாதியார் நடுவே சந்நியாசிகளாக வாழ்ந்த சாமியார்கள் வேறு, மற்றவர்களிடம் பண்டாரசாமிகளாகப் போனவர்கள் வேறு. நற்கருணை ஒன்று, அதை வாங்க நின்ற இடங்கள் வேறு வேறு. முந்நூறு வருடம் போய்விட்டது. 2008 மார்ச் 9-ஆம் தேதி, நமக்கு அடுத்த சீமையான எறையூரில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் கிறிஸ்தவர்கள். தாக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள், தாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே எழுதியது. ஆயர்கள் தங்களையும் சேர்த்து எண்ணினார்கள் என்று அதைப் படித்தபோது நினைத்தேன்.

நம் ஊர்களில் தேர்ப்பவனி எந்தத் தெரு முனையில் திரும்புகிறது என்று உங்களுக்குத் தெரியும். கேட்டால் தெரு குறுகல், கம்பி தாழ்வாகப் போகிறது, சப்பரம் இடிக்கும் என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் மின்வாரியத்தார் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார்கள். அந்த வருடமும் சப்பரம் அதே முனையில்தான் திரும்பியது. கம்பி காரணம் இல்லை என்று அன்று அந்த முனையில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டோம் என்று எங்கள் குழுவில் ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆனது சப்பரம் அந்தத் தெருவுக்குள் போக. போனபோது எதுவும் இடிக்கவில்லை.

வீரமாமுனிவர்மேல் எனக்குப் பற்று அதிகம். அதனால் அவரைப் பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். தரங்கம்பாடியில் 1706 முதல் வேலை செய்த லுத்தர் சபையாரை அவர் பகைவராகவே பார்த்தார். அவர்களை மறுத்து நூல்கள் எழுதினார். அவர்களுடைய தமிழைக் கடுமையாக இகழ்ந்தார். அவர்களில் ஒருவரான சீகன்பால்கும் கடல் கடந்து வந்து, இதே தமிழைத் தட்டுத்தடுமாறிக் கற்று, புதிய ஏற்பாட்டை 1715-இல் தமிழில் அச்சேற்றியவர்தான். அவர் நடை கரடுமுரடு, உண்மை. ஆனால் மொழியில் உச்சிக்குப் போனவர், கற்றுக்கொண்டிருப்பவனைப் பார்த்துச் சிரித்த இடம் அது. உயிர் மெய் என்று தானும் தொடங்கிய நாளை அவர் அங்கே மறந்துவிட்டார் போலும். 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தர் சபைகளும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அவரைப் பற்றி நாம் சொல்கிற கதைகளுக்கும் இதே சோதனை வேண்டும். புலித்தோல் ஆசனத்தில் இருந்தார், பல்லக்கில் பரிவாரத்தோடு போனார், சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்றெல்லாம் திருவிழா மேடையில் பேசுகிறோம். பெரும்பகுதி, அவர் 1747-இல் இறந்து எழுபத்தைந்து வருடம் கழித்து, முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய சரித்திரத்திலிருந்து வருவது. அவர் செவிவழியாகக் கேட்டதையும் சேர்த்துத்தான் எழுதினார். திவான் கதையை ஆய்வாளர்கள் நம்பவில்லை. அரியலூர் மழவராயருக்கு வந்த பிளவை ஏலாக்குறிச்சி மண்ணால் குணமாயிற்று என்பது நம் ஊர்களில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. எனக்கும் என் ஆயா சொன்னதுதான். அதை நான் மாதாவிடம் வைத்த நம்பிக்கையோடு சொல்வேன். ஆனால் கேட்கிற பிள்ளையிடம், இது ஊரில் சொல்லுவது, இது ஏட்டில் இருப்பது என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? அப்படிச் சொன்னால் பக்தி குறையும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் குறையவில்லை.

இன்றைக்கு இப்படிப் பிரிக்காமல் கதை சொல்லும் பழக்கம் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. எந்த நாட்டிலோ மாதா கண்ணீர் வடிக்கிறாள், பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை, அனுப்பாவிட்டால் கேடு. அன்பியக் குழுவில் காலையில் முதலில் வருவது அதுதான். சாட்சி சொல்கிறவர்களும், உள்ளதைச் சொன்னால் ஆண்டவருக்கு மகிமை போதாது என்று நினைக்கிறார்களோ என்னவோ, போன மாதம் தலைவலி என்று சொன்ன நோய் இந்த மாதம் மூளைக்கட்டி ஆகிவிடுகிறது. நடுவில் ஊசி போட்ட அரசு ஆஸ்பத்திரி நர்சம்மா சாட்சியில் வருவதில்லை. அந்த நர்சம்மாவையும் சேர்த்துச் சொன்னால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா? அவள் கையைக் கொண்டும் அவர் குணமாக்கலாமே.

வியாபாரத்தைப் பற்றி எனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஆனால் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்தில் ஈரம் இருக்கிறது என்று வியாபாரி கழிப்பது ஒன்று, காய்ந்ததை மேலே வைத்து ஈரத்தை அடியில் மூட்டை பிடிப்பது இன்னொன்று. சின்ன வெங்காயத்தில் பெரிய காயை மேலே அடுக்குவது, எடைபோடும்போது சாக்குக்குக் கூடுதலாகக் கழிப்பது, நூறு நாள் வேலையில் வராத ஆளுக்கு வருகை போடுவது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கேட்டு வந்தவர்களிடம் பங்காளிக்குத் தெரியாமல் தரகு வாங்குவது. இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்காருகிறோம். சக்கேயு மரத்திலிருந்து இறங்கிய அன்று பாட்டுப் பாடவில்லை. யாரை ஏமாற்றினேனோ அவருக்கு நாலு மடங்கு என்று எல்லார் முன்னாலும் எண்ணிக்கை சொன்னான். யாரிடம் எவ்வளவு எடுத்தோம் என்பது அவனுக்கு நினைவு இருந்திருக்க வேண்டும். நமக்கும் நினைவு இருக்கிறது.

நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த வருடத் திருவிழாக் கணக்கை வாசிக்கும்போது, பாக்கிப் பட்டியல் வாசித்தே ஆகவேண்டும் என்றால், முதலில் குழுவில் இருக்கும் உங்கள் வரியில் இருந்து தொடங்குங்கள். எந்தப் பணம் யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் அந்தத் தாளில் எழுதிக் கோயில் கதவில் ஒட்டுங்கள். கொடுக்க முடியாதவர்களின் பெயரை மைக்கில் வாசிப்பதை விட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். சப்பரம் எந்த முனையில் ஏன் திரும்புகிறது என்பதற்கு உண்மையான காரணத்தைக் குழுவில் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அதே முனையில் திருப்புவது கடினமாக இருக்கும்.

பேரனுக்குக் கதை சொன்ன அந்த வாரம்தான் எங்கள் அன்பியத்தில் அனனியா சபீராள் வாசகம் வந்தது. மஞ்சள் பையைப் பற்றி அன்று வாய்விட்டுச் சொன்னேன். பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. சிலர் "அதான் வச்சிட்டீங்களே, விடுங்க" என்றார்கள். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு ஆயா மட்டும், "அந்த வருசம்தான தம்பி, எம் மருமவ பேர மைக்குல வாசிச்சீங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை, வருடம் சரிதானா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மருமகள் ஒரு வருடம் பூசைக்கே வரவில்லை என்றும், மணி அடித்தால் பம்பு செட்டுப் பக்கம் துணி துவைக்கப் போய்விடுவாள் என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாக்கி நானூறை அவள் பருத்தி எடுத்து, இரண்டு தவணையாக, என் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வாங்கி வரவு வைத்தவன் நான். அவள் முகம் எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு சாமியாரிடம் அனுமதி கேட்டு மைக்கில் என் பெயரைச் சொன்னேன், தொகையைச் சொன்னேன், எத்தனை நாள் என் கையில் இருந்தது என்பதையும் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி வரும்போது ஆயா முன்வரிசைப் பாயிலிருந்து என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவ பேரையும் ஒருக்கா சொல்லிருங்க தம்பி. கட்டிட்டான்னு யாரும் மைக்குல சொல்லல."

திரும்ப ஏறிச் சொன்னேன். மருமகள் அன்று கோயிலில்தான் இருந்தாள், பெண்கள் பக்கத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால். பெயரைக் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உங்கள்,
கொள்ளிடக் கரைக் கடைக்காரன்